கருப்பட்டி போட்டால் இஞ்சி டீ திரிந்துபோகிறது

மதுரையில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, பிளவுஸ் துணி மலைபோலக் கிடக்கிறது. மாலை நாலு மணிக்கு மிஷினை நிறுத்திவிட்டு இஞ்சி, ஏலக்காய் நசுக்கிப் போட்டு டீ கொதிக்கவிடும் அந்தப் பத்து நிமிடம்தான் எனக்கு மூச்சுவிடும் நேரம். பத்து நாளாக அதுவும் போச்சு. பால் திரிந்துவிடுகிறது.

சர்க்கரையை விட்டுக் கருப்பட்டிக்கு மாறியதும் பத்து நாள் முன்புதான். இரண்டு பேருக்குத் தண்ணீர் 150 மில்லி, பாக்கெட் பால் 200 மில்லி, ஒரு துண்டு இஞ்சி, 3 ஏலக்காய், 2 கிராம்பு, டீத்தூள் 2 ஸ்பூன். பச்சை இஞ்சி பாலைத் திரிக்கும் என்பதால் தண்ணீரிலேயே 5 நிமிடம் கொதிக்கவைத்துவிட்டுத்தான் பால் ஊற்றுகிறேன். அதுவரை ஒன்றும் ஆவதில்லை. கொதிக்கும்போதே கருப்பட்டியைத் தட்டிப் போட்டதும் திட்டுத்திட்டாகப் பிரிகிறது.

பாலை மாற்றினேன், பாத்திரத்தை மாற்றினேன், இஞ்சிக்குப் பதில் சுக்கும் போட்டேன். அதே கதை. ஒருநாள் சர்க்கரை போட்டேன், திரியவில்லை. ஆனால் அந்த மணம் எங்கே! திரும்ப சர்க்கரைக்குப் போக மனமில்லை.

கருப்பட்டியை எந்தக் கட்டத்தில், எப்படிச் சேர்த்தால் பால் திரியாமல் இருக்கும்?