கிரான்வில் 1793: பிரிட்டிஷ்காரன் வராததாலயா தோத்தாங்க?

கடலோடி:
பிரெஞ்சுப் புரட்சி அரசை எதிர்த்து ராஜாவுக்காகவும் சர்ச்சுக்காகவும் எழுந்த மேற்கு பிரான்ஸ் வாந்தே பகுதி விவசாயிங்க, நவம்பர் 14, 15ல கிரான்வில் துறைமுகக் கோட்டைய முற்றுகை போட்டுத் தோத்துப் போனாங்கல்ல, அதுக்கு முழுக் காரணம் பிரிட்டிஷ்காரன்தான். ஷோலேல அடி வாங்கி, அக்டோபர் 18 லுவார் ஆத்தைத் தாண்டி, பொண்டாட்டி புள்ள கெழவன் கெழவின்னு ஊரையே கூட்டிக்கிட்டு நார்மண்டி வரைக்கும் நடந்ததே, ஒரு துறைமுகத்தைப் பிடிச்சா கப்பல்ல ஆளும் துப்பாக்கியும் வந்து எறங்கும்னுதான். பிரிட்டிஷ் தளபதி மொய்ரா பிரபுவோட கப்பல்கள் அந்தக் கரைப்பக்கம் வந்ததே டிசம்பர்ல!

மதிலோரம்:
அண்ணே கோவம் புரியுது, ஆனா ஒத்துக்க முடியல. மொதல்ல துறைமுகம் கைக்கு வரணும்ல? சுமார் 25,000 பேர் சண்டைக்குப் போறாங்க, மதிலை உடைக்கிற பெரிய பீரங்கி இல்ல, ஏணி கூட பத்தல. கல் இடுக்குல பயோனெட்டை, அதான் துப்பாக்கி முனைக் கத்திய, சொருகி அது மேல கால வச்சு ஏறப் பாத்திருக்காங்கண்ணே, படிச்சப்ப மனசே கனத்துப் போச்சு. தளபதி லா ரோஷ்ஜாக்லானுக்கு வயசு 21. வீரம் இருந்துச்சு, கோட்டைய எப்படிப் பிடிக்கணும்னு தெரியல.

புதுவை ரவி:
ரெண்டு பேருமே உள்ள இருந்தவங்கள விட்டுட்டீங்க. சுமார் 5,000 பேர்தான். வாந்தே ஆளுங்க புறநகர் வீடுகள்ல புகுந்து அங்கேருந்து மதில்ல நின்னவங்கள சுட ஆரம்பிச்சதும், பாரிஸ்லருந்து வந்த பிரதிநிதி லெ கார்பாந்தியே அந்த வீடுகளையே கொளுத்தச் சொல்லிட்டாரு. மறுநாள் கடல் வத்தின நேரம் பாத்து மணல் வழியா சுத்தி வரப் பாத்தாங்க, சான் மாலோலருந்து வந்த பீரங்கிப் படகுங்க கடல்லருந்து அடிச்சு வெரட்டிடுச்சு. அந்த ஊர் ஜெயிச்சதுங்க, சும்மா தப்பிக்கல.

கடலோடி:
ரவி சார், அந்த ஊர்க்காரங்க தைரியத்தை நான் கொறச்சுப் பேசல. ஆனா லெ கார்பாந்தியே பேரை மரியாதையா சொல்ல எனக்கு வாய் வரல, அப்புறம் மான்ஷ் பகுதில எத்தனை பேரை கில்லட்டினுக்கு அனுப்பி வச்ச ஆளு. இன்னொன்னு, பிரிட்டிஷ்காரன் கையில இருந்த ஜெர்சி தீவு அங்கேருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். ரெண்டு நாள் சண்டைல ஒரு கப்பல் கூட வரல.

மதிலோரம்:
வந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்ணே. ஆனா தோத்ததுக்கு அப்புறம் நடந்ததப் பாருங்க, தளபதிங்க நார்மண்டிக்குள்ள இன்னும் போலாம்னாங்க, ஆளுங்க முடியாதுன்னு வீட்டைப் பாத்துத் திரும்பிட்டாங்க. லுவாரைத் தாண்டணும்னா ஆன்ஜே நகரம் வேணும், டிசம்பர் ஆரம்பத்துல அங்கயும் அதே கதை, மதில் முன்னாடி நின்னு தோத்தாங்க. அதுக்கும் பிரிட்டிஷ்காரனயா சொல்லுவீங்க? அப்புறம் லெ மான்ல வெட்டு, 23ம் தேதி சவனேல எல்லாம் முடிஞ்சுது. கூட நடந்து வந்த பொம்பளைங்க கொழந்தைங்கள்ல எத்தனையோ பேர் அந்த ரோட்டுலயே செத்துப் போனாங்க.