ஹாஸ்டல் கட்டட வேலை இழுத்துக்கொண்டே போகிறது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். வட சென்னையில் ஓர் அரசுப் பல்கலைக்கழக வளாகத்தில் கட்டட வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். மூன்று மாடி மாணவியர் விடுதி, போன ஜூனிலேயே முடிந்திருக்க வேண்டும். இன்னும் இரண்டாம் மாடி சென்ட்ரிங்கே பிரிக்கவில்லை.

கேட்டால் மழை என்கிறார் கான்ட்ராக்டர். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இங்கே மழை பெய்யும் என்பது டெண்டர் போடும்போது அவருக்குத் தெரியாதா? ஆனால் முழுக்க அவர் தப்பு என்றும் சொல்ல முடியாது. அஸ்திவாரத்துக்குத் தோண்டினால் நாலடியில் தண்ணீர், அதை இறைத்தே மூன்று வாரம் போனது. எங்கள் பக்கமும் டிராயிங் தாமதம், இரண்டு பில் பாக்கி.

இப்போது கால நீட்டிப்பு கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 55-ம் பிரிவுப்படி, காலக்கெடு முக்கியம் என்றுள்ள ஒப்பந்தத்தில், தாமதமான வேலையை ஏற்கும்போதே நோட்டீஸ் தராவிட்டால் பிறகு இழப்பீடு கேட்க முடியாது. அதனால் நீட்டிப்பும் கொடுத்து, அபராதம் பிடிக்கும் உரிமையையும் விடாமல் எழுதும் வாசகம் யாரிடமாவது இருக்கிறதா?

இன்னொன்று, கொஞ்சம் வெட்கத்தோடு கேட்கிறேன். ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டரை நான் ஒழுங்காக எழுதவில்லை. எந்த நாள் வேலை நின்றது, ஏன் நின்றது என்பதெல்லாம் பாதி வாட்ஸ்அப்பில்தான் கிடக்கிறது. தணிக்கையில் அது எடுபடுமா?

ஒப்பந்தத்தை ரத்து செய் என்கிறார்கள் சிலர். நடந்த வேலையை அளந்து, எம்-புக் என்ற அளவுப் பதிவேட்டில் ஏற்றி, மறுடெண்டர் விடுவதற்குள் அடுத்த மழையே வந்துவிடும்.

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்ற சார் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஃபைலோடு நேரில் வருகிறேன். டீ என் செலவு.