விழுமியங்களின் மேல் பிராண்டைக் கட்டலாமா?

வெண்மதி:
நேர்மை, அக்கறை, பாதுகாப்பு என்று எந்தச் சமூகத்தாரும் மதிக்கிற விழுமியங்களின் மேல்தான் ஒரு பிராண்டைக் கட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் பல நாட்டு மக்களை ஆராய்ந்து, பண்பாடுகளைக் கடந்து பொதுவாகக் காணப்படும் 10 அடிப்படை விழுமியங்களை வகைப்படுத்தியிருக்கிறார். பொருளின் சிறப்புகளைப் போட்டியாளர் நாளையே நகலெடுத்துவிடலாம். வாடிக்கையாளரின் நம்பிக்கையை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

நெடுஞ்செழியன்:
மறுக்கிறேன். விளம்பரத்துக்குள் வந்த கணமே விழுமியமும் விற்பனைச் சரக்காகிவிடுகிறது. ஃபோக்ஸ்வேகன் தன் கார்களைத் 'தூய டீசல்' என்று சொல்லி விற்றது. சோதனையின்போது மட்டும் நச்சுப்புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள் உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்களில் இருந்தது 2015இல் அம்பலமானது. போராட்டக் களத்தில் ஒரு மாடல் காவலரிடம் குளிர்பானத்தை நீட்டுவதாகப் பெப்சி 2017இல் எடுத்த விளம்பரம், எதிர்ப்பு கிளம்பியதும் உடனே திரும்பப் பெறப்பட்டது. தரத்தையும் விலையையும் உத்தரவாதத்தையும் உள்ளபடி சொன்னால் போதும்.

வெண்மதி:
உள்ளபடி சொல்வதே நேர்மை என்னும் விழுமியம்தானே, ஐயா? 1982இல் சிகாகோ வட்டாரத்தில் யாரோ சயனைடு கலந்த டைலெனால் என்னும் வலிநிவாரணி கேப்சூல்களை உட்கொண்டு 7 பேர் இறந்தபோது, அதை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் ஏறத்தாழ 3.1 கோடி குப்பிகளைத் திரும்பப் பெற்றது. தன் பொருள்களைப் பயன்படுத்துவோருக்கே முதல் கடமை என்று 1943இல் எழுதிவைத்த கொள்கை அறிக்கைதான் வழிகாட்டியது என்று அதன் தலைமை பின்னர் கூறியது.

நெடுஞ்செழியன்:
அதே நிறுவனத்தின் மீது அதன் டால்கம் பவுடர் புற்றுநோயை உண்டாக்கியதாகப் பல்லாயிரம் வழக்குகள் பின்னாளில் தொடரப்பட்டன. குற்றச்சாட்டுகளை அது மறுத்தே வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் அந்த அறிக்கை அப்போதும் சுவரில்தான் இருந்தது. அப்படியானால் 1982இல் காப்பாற்றியது எழுத்தா, பொறுப்பில் இருந்த மனிதர்களா?

இளவேனில்:
வாடிக்கையாளர் கடிதங்களை எழுதுவது என் வேலை என்பதால் ஒன்றைப் பகிர்கிறேன். ஒரு முறை பலரின் கணக்கிலிருந்து நாங்கள் இருமுறை பணம் எடுத்துவிட்டோம். "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்பது வழக்கமான வாசகம். சிரமம் தானாகவே வந்து விழுந்ததுபோல் அது ஒலிக்கும். நான், "உங்கள் பணத்தை இருமுறை எடுத்துவிட்டோம். தவறு எங்களுடையது. கூடுதல் தொகை வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் கணக்கில் சேரும்" என்று எழுதினேன். சட்டப் பிரிவு நடு வாக்கியத்தை அடித்துவிட்டது. முகப்புப் பக்கத்தில் 'நேர்மையே எங்கள் மூச்சு' என்று போட்டிருக்கிறோம்; அந்த மூன்று சொற்களை யாரும் கேள்வி கேட்டதில்லை, 'தவறு எங்களுடையது' என்னும் இரண்டு சொற்களுக்கோ மூன்று நாள் வாதாட வேண்டியிருந்தது.

நெடுஞ்செழியன்:
இதை முழு மனதோடு ஏற்கிறேன். இப்படிப்பட்ட கடிதத்தைத் தயங்காமல் அனுப்பும் நிறுவனத்துக்கு முகப்பு வாசகமே தேவைப்படாது.

வெண்மதி:
நான் அப்படிப் பார்க்கவில்லை. முகப்பில் அது இருந்ததால்தானே இளவேனில் அதைச் சுட்டிக்காட்டி வாதாட முடிந்தது? கடைசியில் அந்த வாக்கியம் என்ன ஆயிற்று?

இளவேனில்:
கடிதத்தில் இடம்பெற்றது. பணமும் வியாழக்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டது.