குபர்னாக்குலத்துக்கு ‘இழுநாண்’ வேண்டாமே

நண்பர்களுக்கு,

கருவில் விந்தகம் (விதை) கீழே இறங்க உதவும் நாண் போன்ற திசுதான் குபர்னாக்குலம். அதற்குத் தமிழில் ‘இழுநாண்’ என்று வைக்கலாம் என்ற யோசனை வந்தது. சொல்லச் சுருக்கமாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நாண் எதையும் இழுப்பதில்லையே!

கருவில் விந்தகம் முதலில் சிறுநீரகத்தை ஒட்டித்தான் உருவாகிறது. அதன் அடியிலிருந்து கவட்டுப் பகுதிவரை ஓடுகிறது நம் நாண். விந்தகத்தின் லீடிக் செல்கள் ஐஎன்எஸ்எல்3 (இன்சுலின்-லைக் 3) என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. பெயரில் இன்சுலின் உண்டு, சர்க்கரையோடு சம்பந்தமில்லை. அது பட்டதும் நாணின் கீழ்நுனி குமிழாக வீங்குகிறது. நாண் நீளாமல் விந்தகத்தைக் கவட்டருகே பிடித்துக்கொள்ள, உடல் மேல்நோக்கி வளர்ந்துவிடுகிறது. கட்டிப்போட்ட படகு நின்ற இடத்தில் நிற்க, வெள்ளம் கடந்து போவது மாதிரி. பெண் கருவில் நாண் மெலிந்து நீள்வதால் சூலகம் மேலேயே தங்குகிறது. இந்த ஹார்மோனுக்கான ஜீனை நீக்கிய ஆண் சுண்டெலிகளுக்கு இரண்டு விந்தகங்களும் வயிற்றுக்குள்ளேயே நின்றுவிட்டன என்று 1999-இல் தெரியவந்தது.

அடுத்த கட்டம் டெஸ்டோஸ்டீரோனுடையது. கவட்டுக் கால்வாய் வழியாக விதைப்பைக்குள் இறங்குவது அப்போதுதான். மனிதரில் இது பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிடும். எலிக்கும் நாய்க்கும் பிறந்த பிறகு. ஆறேழு வார ஆண் நாய்க்குட்டியை மல்லாத்திப் பிடித்துத் தடவிப் பாருங்கள், பட்டாணி போல இரண்டு தட்டுப்படும். குட்டி மிரண்டால் அவை விரலுக்குச் சிக்காமல் மேலே ஏறிவிடும். மேலே இழுப்பது அங்குள்ள ஒரு தசை. ‘இழு’ என்ற சொல்லை அந்தத் தசைக்கு விட்டுவைப்போம்.

‘சுக்கான்’ என்ற யோசனையும் வந்தது. 1762-இல் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் குபர்னாக்குலம் என்று பெயரிட்டபோது லத்தீனில் அதே பொருள்தான். ஆனால் சுக்கான் ஓடுகிற கப்பலைத் திருப்புவது. முதல் கட்டத்தில் இங்கே எதுவும் ஓடவில்லை, கட்டிக்கிடக்கிறது. லத்தீன்காரர் உவமையை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

என் பரிந்துரை ‘தளைநாண்’. தளை என்றதும் சிலருக்கு யாப்பிலக்கணத்தின் வெண்டளை ஞாபகம் வரலாம், வரட்டும். அங்கேயும் கட்டுவதுதானே வேலை. இரண்டாம் கட்டத்தில் நாணின் நுனியே விதைப்பை நோக்கி நகர்கிறது, அதற்குத் தளை பொருந்தாது என்று கேட்டால் பதில் இல்லை. இரண்டு கட்டத்துக்கும் முழுசாகப் பொருந்துகிற சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் ஒன்று. ‘இறங்கா விந்தகம்’ என்பதைக் குறைபாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். யானைக்கு விந்தகம் ஆயுள் முழுக்க வயிற்றுக்குள்தான், அது நோயல்ல. அப்படிப்பட்ட விலங்குகளை ‘அகவிந்தகி’ என்று சொல்லிப் பார்த்தேன். தளைநாண் வீக்கம், தளைநாண் நுனி, தளைநாண் சுருக்கம் என்றெல்லாம் ஒட்டியும் பார்த்தேன், வாயில் இடறவில்லை.