1969 செவி (செவ்ரோலே) சி10 பக்கி (பிக்அப் வண்டி): முன் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக் மாற்ற உதவி தேவை

டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் சி10 வேலை தெரிந்த அண்ணன்மாரே, வணக்கம்.

என் வண்டியின் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு, 1973–87 மாடலின் முன் கிராஸ்மெம்பரை (சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) ஏ-ஆர்ம் (சக்கரத்தைப் பிடிக்கும் கை), ஸ்பிண்டில் (சக்கரம் சுழலும் அச்சு), டிஸ்க்கோடு முழுசாக ஏற்றுகிறேன். பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை அழுத்தும் சிலிண்டர்) வைக்கவே கூடாது. உள்ளிருக்கும் ரெசிடுவல் வால்வு, பெடலை விட்ட பிறகும் லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தம் பிடித்துவைக்கும். பேட் உரசி டிஸ்க் கொதிக்கும். அதனால் டிஸ்க்-டிரம் மாஸ்டரும் முன்-பின் பிரேக் அழுத்தத்தைச் சமன்செய்யும் காம்பினேஷன் வால்வும் போடுகிறேன். இந்தக் காம்பினேஷன் வால்வு இல்லாவிட்டால் காலி வண்டியில் பின் சக்கரம் முதலில் லாக் ஆகும், மழையில் ஆபத்து.

சிக்கல் இரண்டு. முன் சக்கரத்துக்கு 5 போல்ட், போல்ட் வட்டத்தின் விட்டம் 127 மிமீ. பின்னால் 6 போல்ட், 139.7 மிமீ. பின் ஆக்ஸிலை மாற்றுவதா, முன்னால் 6 போல்ட் ரோட்டர் (டிஸ்க் தட்டு) தேடுவதா?

பெரிய கவலை ஸ்டியரிங். நம்முடையது வலப்பக்க ஸ்டியரிங், அமெரிக்க லிங்கேஜ் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டுகள்) இடப்பக்கத்துக்கானது. பழைய சென்டர் லிங்கில் (நடுத் தண்டு) புதிய டை ராட் எண்டின் (சக்கரப் பக்கத் தண்டின் முனை மூட்டு) டேப்பர், அதாவது கூம்பு வடிவம், சரியாக உட்காருமா? செய்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.