வெள்ளவத்தை மேல்மாடியில் ஒரு மெதனோல் மேசர் – உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கோ

திரையில் கூர்மையான ஒரு கோடு முதல் கிழமையிலேயே தெரிந்தது. வீட்டாரை எழுப்பிக் காட்டினேன். அது நான் தேடிய மேசர் இல்லை. மேசர் என்றால் விண்வெளி முகிலுக்குள் லேசர்போலப் பெருகி வரும் ரேடியோ அலை.

எங்கள் தொடர்மாடியின் உச்சியில் ஆறடி டிஷ் ஒன்று வைத்திருக்கிறேன். கொழும்பில் ரிவி டிஷ்கள் சற்றலைட்டுகளைப் பார்த்துக் கிடக்கும். என்னுடையதைத் தெற்கே 47 பாகை உயரத்தில் பூட்டினேன். மூல நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் என்ஜிசி 6334 என்ற, வாயுவும் தூசும் நிறைந்த விண்முகில் இருக்கிறது. அங்கே பெரிய விண்மீன்கள் பிறக்கின்றன. அவை சூடாக்கிய தூசின் அகச்சிவப்பு ஒளி மெதனோல் மூலக்கூறுகளை உசுப்பிவிட, 12,178.6 மெகாஹெர்ட்ஸில் அலை பெருகி வருகிறது. 1987இல் கண்டறியப்பட்ட இந்தக் கோடு ரிவி சற்றலைட் பட்டைக்குள்ளேயே விழுவது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய கொடை. டிஷ்ஷின் முன்னால் பூட்டி அலையை வாங்கி அதிர்வெண்ணைக் குறைத்துத் தரும் சாதாரண எல்என்பி போதும். அது 10,600 மெகாஹெர்ட்ஸைக் கழித்தால் 1,578.6; கணினியில் செருகும் சிறு ரேடியோ வாங்கியான டொங்கிளுக்கு அது எட்டும்.

டிஷ்ஷை நான் அசைப்பதில்லை. முகில்தான் நாலரை நிமிடம் வந்து கடந்துபோகும். மார்ச் 21இல் விடிய 5.35 அளவில், பிறகு நாளுக்கு நாலு நிமிடம் முந்தும். அந்த முதல் கோடு ஒரு கிழமை கழித்தும் அதே நேரத்துக்கே வந்தது. கட்டடத்துக்குள் ஏதோ ஒரு மின்கருவி.

உண்மையானது அதைவிட மங்கல். பல விடியல்களின் பதிவைக் கூட்டித்தான் ஒரு சிறு மேடாகத் தெரிந்தது. சித்திரை வருடப்பிறப்புக்குக் கொழும்பே ஊருக்குப் போயிருந்த நாட்களில் இரைச்சல் அடங்கி, இன்னும் தெளிந்தது. ஏப்ரல் 20இல் ஒப்பிட்டேன். மேடு ஏறக்குறைய 250 கிலோஹெர்ட்ஸ் கீழே இறங்கியிருந்தது. மார்ச்சில் பூமி கிட்டத்தட்ட நேராக அந்த முகிலை நோக்கி நொடிக்கு 30 கிலோமீற்றர் அளவில் ஓடுகிறது. ஒரு மாதத்தில் அதில் ஆறு குறைகிறது. நெருங்கும் வேகம் நொடிக்கு ஒரு கிலோமீற்றர் குறைந்தால் கோடு 40.6 கிலோஹெர்ட்ஸ் இறங்கும். பெருக்கிப் பார்த்துவிட்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன். பூமி ஓடுவதை என் மேல்மாடியில் அளந்திருக்கிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
வாழ்த்துகள் அண்ணை. நான் 1612 மெகாஹெர்ட்ஸில் ஹைட்ரொக்சில் என்ற இன்னொரு மூலக்கூறின் மேசரைத் தேடுகிறேன். பெருநாய்க் கூட்டத்து விஒய் விண்மீன்தான் இலக்கு. அதைச் சுற்றி விரியும் வாயு ஓட்டின் முன்பக்கமும் பின்பக்கமும் இரண்டு மேடாகத் தெரிய வேண்டும். 1616க்கு மேலே இரிடியம் என்ற தொலைபேசிச் சற்றலைட்டுகள் கத்துவதால் பெருக்கி திணறுகிறது. வடிகட்டி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை.

தெகிவளையிலிருந்து:
என் எல்என்பி 12,178க்கு மாறவே இல்லை. மழை நாளில் எல்லாம் போய்விடுகிறது.

வெள்ளவத்தை:
தம்பி, கம்பி வழியே 22 கிலோஹெர்ட்ஸ் தொனி கொடுத்தால்தான் எல்என்பி, 12,178 விழுகிற மேல்பட்டைக்கு மாறும். மழை நாள் பதிவைக் கூட்டாதேங்கோ. எல்என்பியைப் பதிவுக்கு ஒரு மணித்தியாலம் முன்பே போட்டுவிடுங்கோ. அதற்குள் அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் படிகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளும். மேசர் கோட்டின் அகலமே 20 அளவுதான்.