கொசுவத்தாமரையா, கொசுவக்கள்ளியா?

அண்ணா வணக்கம். தடிச்ச இலைய வட்டமா அடுக்கி வளர்ற எச்சிவேரியாச் செடிக்கு நீங்க தமிழ்ப் பேர் கேட்டதுல இருந்து மூணு நாளா யோசிச்சிட்டு இருக்கேன். மெக்சிகோவுல 18ஆம் நூற்றாண்டுல செடிகள வரைஞ்ச அத்தனாசியோ எச்செவெரியாங்கிற ஓவியர் நினைவா 1828ல டி கண்டோல்ங்கிற தாவரவியலாளர் வெச்ச பேரு அது, அதனால பேரினப் பேர (ஜீனஸ் பேர) அப்படியே விட்டுடலாம், ஆனா எங்கம்மா "எச்சில்வேரிக்கு தண்ணி ஊத்தினியாடா"ன்னு கேக்கறப்போ தான் தாங்க முடியல.

நமக்கு இப்போ பேர் வேண்டியது அந்த ஃப்ரில் வெச்ச பெரிய கலப்பு ரகங்களுக்கு. "சுருளிலை" வேணாம், தண்ணி இல்லாம வாடின இலையும் சுருளத்தான் செய்யும். ஓரம் அப்படியே புடவைக் கொசுவம் மாதிரி மடிஞ்சு மடிஞ்சு நிக்குது இல்ல? அப்புறம் ஆகாயத்தாமரை ஒண்ணும் தாமரை கிடையாது, இலை வட்டமா அடுக்கி இருக்கறதப் பாத்து நம்மாளுங்க வெச்ச பேருதான. ரெண்டையும் சேத்து கொசுவத்தாமரை. எப்படி?

---

தம்பி, கொசுவம் பிரமாதம், நான் கை வெக்க மாட்டேன். ஆனா தாமரைன்னு பேர் வெச்சா சனங்க தண்ணி ஊத்தியே கொன்னுடுவாங்கப்பா. போன ஐப்பசி மழையில என் மொட்டை மாடியில நாலு தொட்டி, குருத்துல தண்ணி நின்னு அழுகி கையோட வந்துடுச்சு. பகல்ல இலைத்துளைய மூடிட்டு ராத்திரியில தான் தொறக்கற செடி இது, தண்ணிய இலைக்குள்ளயே சேத்து வெச்சிருக்கும், பேர்லயே அது தெரியணும். கள்ளின்னு வெய்யி. முள் எங்க பால் எங்கன்னு சண்டைக்கு வருவாங்க, வரட்டும், ரணகள்ளிக்கு முள்ளும் இல்ல பாலும் இல்ல, எச்சிவேரியாவும் அதே கிராசுலேசியே குடும்பம் தான். கொசுவக்கள்ளி!

இலை வட்டமா அடுக்கி இருக்கற அமைப்புக்கு மட்டும் தாமரையடுக்குன்னு வெச்சுக்கலாம். அன்னிக்கு யாரோ இலைக்கொண்டைன்னாங்க, அது வேணாம், சில செடியில குருத்து ஒரு புள்ளியா வளராம கோடா நீண்டு சேவல் கொண்டை மாதிரி ஆகுது பாரு, அதுக்கு அந்தச் சொல்ல பத்திரமா வெச்சிருப்போம்.

இன்னொண்ணு, இலை மேல வெள்ளையா படிஞ்சிருக்கற மெழுகுப்பொடிய மாவுன்னு எழுதாத. மாவுப்பூச்சின்னு நெனச்சு ஒருத்தர் துணியால தொடச்சே எடுத்துட்டாரு, அந்த இலையில அது முன்ன மாதிரி திரும்ப வராது. நீறுன்னு எழுது, நீறு பூத்த இலை, நல்லா தான இருக்கு?

---

நீறு அருமைண்ணா. சரி, கொசுவக்கள்ளிக்கே என் ஓட்டு, ஆகாயத்தாமரைய வெச்சு இவ்ளோ வாதாடிட்டு விட்டுக் குடுக்கறது கொஞ்சம் வருத்தம் தான்.

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கு. இந்த ரகத்துல பெரிய இலைய கிள்ளி வெச்சா வேர் விட்டாலும் குட்டி வர்றது அபூர்வம், பூத்தண்டுல இருக்கற சின்ன இலையில தான் நல்லா வருது. இலைய வெச்சு வளக்கற கன்ன இலைக்கன்றுன்னு எழுதினா எல்லாரும் அடி இலையத்தான் பிய்ப்பாங்க. அந்த குட்டி இலைக்கு தனியா ஒரு சொல் வேணும், தண்டிலைன்னு போடலாமா?